விபத்து நடந்த விதம்

படிவத்தில் அதற்கு இரண்டு கோடு.
மேலே பெயர், தகப்பனார் பெயர்,
ஈ.எஸ்.ஐ. எண், எந்த ஷிப்ட், எந்தக் கை.
எல்லாம் நிரப்பியாயிற்று.
தசரதன். இடது கை. இரண்டு விரல்.
இனி அந்த இரண்டு கோடுதான்.

முதல் தாளில் இப்படி எழுதினேன்:
'பணியின்போது எதிர்பாராத விதமாக
கவனக்குறைவு காரணமாக
விபத்து ஏற்பட்டது.'
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
பீரோவில் விட்டுப்போன வாக்கியம்.
பதினோரு வருடக் கோப்பிலும் இதேதான்,
தேதி மட்டும் வேறு.

ஏற்பட்டது.
யாரும் ஏற்படுத்தாமல்.
பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினாலே
எந்த அணையைத் திறந்தார்கள் என்று
ராணிப்பேட்டை முத்துக்கடையில் விசாரிக்கிற ஜனங்கள் நாங்கள்.

யாருடைய கவனக்குறைவு என்றும் எழுதவில்லை.
எழுதாமல் விட்டால்
அது அடிபட்டவன் மடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காரையிலிருந்து தேவகி வந்திருந்தாள்,
ஆஸ்பத்திரிச் சீட்டும் தூக்குவாளியுமாக.
"இன்னா எழுதிக்கினு கீற? படி, கேக்கறேன்."
படித்தேன்.
"அப்போ எங்க வூட்டுக்காரரு
பாத்து செய்லன்னு சொல்றியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
எழுதியிருந்தது அதைத்தான்.

ஜூன் மாதக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தேன்.
'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சீரிய தலைமையில்
நம் நிறுவனம் கண்டுவரும் வளர்ச்சி'
என்று வளர்ச்சிக்கு ஒரு பத்தி.
கத்திரி வெயிலில் மோர் கொடுத்ததற்கு ஒரு பத்தி.
பிறகு ஒரு 'மேலும்'.
பிறகு ஒரு 'இத்துடன்'.
தாளைத் திருப்பினால்
கையெழுத்துக்குச் சற்று மேலே:
'பிளெஷிங் மிஷினின் காவல் தகடு
சற்றே தளர்ந்திருப்பதாகத் தெரியவருகிறது.
ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்...'

சற்றே.
நாலு போல்ட்டில் மூன்று இல்லை.
தெரியவருகிறது.
குனிந்து எண்ணியவளே நான்தான்.

இம்தியாஸ் சார் அன்றைக்குப் படித்துவிட்டு
"தமிழ் நல்லா வருதும்மா உனக்கு" என்றார்.
தாளைத் திருப்பவில்லை.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.
பத்தாம் வகுப்பில்
கடிதத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
உறைமேல் முகவரிக்குக்கூட மார்க் உண்டு.
நடக்க வேண்டிய காரியத்துக்கு
ஒரு மார்க்கும் வைத்ததாக ஞாபகமில்லை.

மெக்கானிக் ஜெயசீலன்
மோட்டார்மேல் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறான்:
'தொடாதே. கரண்டு அடிக்கும்.'
மூன்று சொல், அதிலும் துணைக்கால் ஒன்று கோணல்.
ஈர நீலத் தோல் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும்
அந்த இடத்தில் வண்டியை ஒடிக்கிறார்கள்.

புதுத் தாள் எடுத்தேன்.

'இரண்டாம் எண் பிளெஷிங் மிஷினின் காவல் தகட்டில்
மூன்று போல்ட் இல்லை.
ஜூன் 9 அன்று நான் நிர்வாகத்துக்கு எழுதினேன்.
நிர்வாகம் மாற்றவில்லை.
ஆகஸ்ட் 21 காலை 11.40க்குத் தகடு விலகியது.
உருளை தசரதனின் கையை இழுத்தது.'

'நான்' என்கிற இடத்தில் பேனா நின்றிருக்கிறது,
மை ஊறியிருக்கிறது.
'நிர்வாகம்' என்கிற இடத்தில் இன்னும் பெரிதாக.
இரண்டு கோட்டில் அடங்காமல்
ஓரத்தில் ஏறிவிட்டது கடைசி வரி.
தேவகிக்குப் படித்துக் காட்டினேன்.
வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
"கையெழுத்து வாங்கிடு" என்றாள்.

இம்தியாஸ் சார் நின்றுகொண்டே படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
"இப்படியேவா அனுப்பணும், பிரமிளா?"
'ஐயா, தாங்கள்' என்று தொடங்கப்போன நாக்கைக் கடித்து
"ஆமா சார்" என்றேன்.

வேறெங்காவது ஏதாவது இருக்குமென்று
தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.