ஆற்றுக்கு வசனம் இல்லை

மீசையை முதலில் வரைந்தது தப்பு.
ஊதாத பலூனில் எறும்பளவு இருந்தது,
ஊத ஊத
ராஜாவின் காதைத் தாண்டிப்
பிடரிவரை போய்விட்டது.
"ராஜாவுக்கு இன்னாத்துக்கு மப்ளரு?" என்றாள் ஜெப்சிபா.
இருக்கட்டும் என்றேன்.
தோட்டப்பாளையத்து மே மாதத்தில்
குளிர்கிற ஆள் ஒருவராவது இருக்கட்டும்.

கதை அவர்களுடையது.
ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று
இந்த ஊரைக் கேலி பேசுவதை
பஸ்ஸில் யாரிடமோ கேட்டுவந்து
இரண்டையும் சரி பண்ணிவிடுவதென்று
மொட்டைமாடித் தொட்டி நிழலில்
முடிவெடுத்திருந்தார்கள்.
நான் ரத்தம் எடுக்கிற வேலைக்காரி.
இரவு டியூட்டி முடிந்து தூங்கியவளை
சீக்கிரம் முடிச்சுப் போடுகிற விரல் என்பதால்
எழுப்பிவிட்டார்கள்.

ஐஸ்கிரீம் கப்பில் ஓட்டை போட்டுக் கழுத்து.
குல்பிக் குச்சியில் கை.
ஸ்கெட்ச் பேனா ரப்பரில் வழுக்கியது.
மார்க்கர் நின்றது,
பாதி தன்வீரின் கன்னத்தில்.
மருந்துக் கடையில் வாங்கிய கையுறையை ஊதினால்
ஐந்து கொம்பு முளைத்த மந்திரி.
வெயிலில் வரிசையாக வைத்த எட்டுச் சிப்பாய்களில்
மூன்று பேர்
போர் என்று ஒன்று வருவதற்கு முன்பே வெடித்தார்கள்.
பிரஜன் கிழிசல்களைப் பொறுக்கி
தீப்பெட்டியில் வைத்து மூடினான்,
பெயர் எழுதினான்,
பிறகு அந்தப் பெட்டியையும் நாடகத்தில் சேர்க்கச் சொல்லி
அழுதான்.

எதிர் லாட்ஜின் இரண்டாம் மாடியிலிருந்து
படியேறி வந்து நின்றவன் சௌமிக்.
ஊருக்கு வந்து பதினெட்டு நாள்.
அவன் அம்மாவின் ஃபைல்
மஞ்சள் பைக்குள் தடித்துக்கொண்டே போகிறது.
தமிழில் அவனிடம் இருப்பவை மூன்று:
அண்ணா. எவ்ளோ. தண்ணி கேன்.
"அவனுக்கு ஆத்தக் குடுத்துரு,
ஆத்துக்கு டயலாக் இல்ல."
நீலத்தில் ஒரு நீளப் பலூன், ஊதாமல்,
புழு மாதிரி அவன் உள்ளங்கையில்.

ஆறு மணிக்கு
குடியாத்தம் லுங்கியைக் கொடியில் மாட்டித் திரை.
லாட்ஜ் மேனேஜர், இரண்டு அம்மாக்கள்,
ஃபைலோடு வந்த ஆறேழு பேர்.
புறங்கையில் ஊசி ஒட்டியிருந்தவர்
இன்னொரு கையால் தொடையில் தட்டினார்.

"நான் வந்துட்டேன்!" என்றார் ராஜா.
துணி கிளிப் பட்டது.
டப்.
எங்கள் கோட்டை மறுபடியும் காலி.
திரைக்கு மேலே
வெறும் குச்சியும் ஒரு கப்பும்.
கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடவில்லை.
பிறகு தன்வீர் குச்சியை ஆட்டினான்:
"ராஜா உள்ள கீறாரு. குளிச்சுகினு கீறாரு."
மந்திரி கேட்டார்: "எந்தத் தண்ணில?"

இது யாரும் எழுதாத வசனம்.
எல்லோரும் சௌமிக்கைப் பார்த்தார்கள்.

லுங்கிக்கு முன்னால் வந்து
ஊத ஆரம்பித்தான்.
கன்னம் உப்பி, கண் சிவந்து
விட்டு விட்டு ஊதினான்.
வாயிலிருந்து பாலாறு
ஒரு சாண், இரண்டு சாண்,
ஒரு முழம்.
முன்வரிசையில் அவன் அம்மா
தன் மூச்சையும் சேர்த்து இழுப்பது தெரிந்தது.
போதும், கட்டு என்று சைகை காட்டினேன்.
முடிச்சை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க
நான் மறந்திருந்தேன்.

விட்டான்.

அது பறந்தது,
எருமை செருமுகிற சத்தத்தோடு
மேனேஜரின் வழுக்கையைச் சுற்றி
ஃபைல்களைத் தொட்டு
டிஷ் ஆன்டெனாவில் மோதித் திரும்பி
தொட்டிக்குப் பின்னால் எங்கேயோ.
மாடியே சிரித்தது.
அவன் அம்மாவும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
சௌமிக் கையை விரித்து
தன் தமிழில் பாதியைச் சொன்னான்:
"தண்ணி."
கொஞ்சம் யோசித்து,
"எவ்ளோ!"

நாடகம் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள்.
ஜெப்சிபாவுக்கும் பிரஜனுக்கும் இன்னும் தகராறு.
ரிப்போர்ட் வரத் திங்கள் ஆகுமாம்,
அதனால் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காட்சி.
ராஜாவுக்கு மாற்றாள் தேவை.
பாக்கெட்டில் மிச்சம் நாலு பலூன்,
நாலும் ரோஸ் கலர்.