பரிமாறல்கள்: நான்கு

மே மாதத்துச் சத்துவாச்சாரியில்
மைனஸ் பதினெட்டு டிகிரி இருக்கிற இடம்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்:
எங்கள் கடையின் மூன்றாவது ஃப்ரீசர்.
அதை மூடி வைப்பது என் வேலை.
திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது
வாடிக்கையாளர்களின் வேலை.

பீட்சா அட்டை, முந்நூற்று நாற்பது கிராம்.
முன்பக்கம் ஒரு துண்டு மேலே எழும்ப
சீஸ் நூல்நூலாய்த் தொங்கும்.
பின்பக்கம் எறும்பெழுத்தில் ஒரு கட்டம்.
விலை ஸ்டிக்கரை அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டச் சொன்னார்
சூப்பர்வைசர் தணிகாசலம்.
வேறெங்கு ஒட்டினாலும் படம் கெட்டுவிடுமாம்.
எட்டு மாதமாக ஒட்டுகிறேன்.
கேட்டவர் இல்லை.

அன்று ஒருவர்
கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.
வெயிலுக்கு ஒதுங்கியவர் என்று விட்டுவிட்டேன்.
கையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் தெரிந்த ஃபைலில்
வஹீத், ஐம்பத்தொன்று, பேர்ணாம்பட்டு.
இடது முன்கையில் நரம்பு
தாம்புக்கயிறு போலப் புடைத்து
தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"இதுல உப்பு எவ்ளோ கீதும்மா?"

நகத்தால் சுரண்டினேன்.
ஸ்டிக்கரோடு அட்டையின் தோலும் உரிந்து வந்தது.
மாவுச்சத்து முப்பத்தொன்று.
சர்க்கரை மூன்று புள்ளி நான்கு.
புரதம் பதினொன்று.
கொழுப்பு பத்து, அதில் நிறைவுற்றது ஐந்து.
(நிறைவுற்றது!
இவ்வளவு நல்ல பெயரை யார் அதற்கு வைத்தார்கள்?)
சோடியம் என்ற சொல்லுக்கு எதிரே
வெறும் வெள்ளை.
எண் மட்டும் பசையில் ஒட்டிக்கொண்டு
இடம் வலமாக என் விரலில் இருந்தது.
ஃப்ரீசர் கண்ணாடியில் காட்டிப் படித்தேன்.
ஐந்நூற்று அறுபது.

"முழுசுக்குமா?"
"நூறு கிராமுக்கு."
செல்போனில் பெருக்கினேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு மில்லிகிராம்.
இதை எப்படி விளக்குவது என்று இழுத்தேன்.
அவர் சிரித்தார்.
"ரெண்டரையால பெருக்கு, உப்பு வந்துடும்.
கிட்டத்தட்ட அஞ்சு கிராம்.
எனக்கு ஒரு நாளுக்கே அவ்ளோதான் எழுதிக் குடுத்துகீறாங்க."

பிறகு, நான் கேட்காமலே:
"தோல் ஷாப்புல இருபத்தாறு வருஷம்.
பச்சைத் தோலுக்கு உப்புப் போடுறது என் கைதான்.
ஆட்டுத் தோலுக்கு ரெண்டு கை.
மாட்டுக்கு, கேக்காத.
ஒரு நாளும் நிறுத்துப் போட்டதில்ல.
ஒரு தோலும் அழுகல."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நாலு பரிமாறல்னு போட்டுகீது.
ஒண்ணுல எவ்ளோ?"
"நானூத்தி எழுபத்தாறு."
"அது திங்கலாம்."
கண்ணில் ஒரு கணம் சீஸ் உருகியது, பார்த்தேன்.
"மீதி மூணு பேருக்கு எங்க போவேன்?
ரூமுல நான் ஒண்டி."

வாங்கவில்லை.
எடுத்த இடத்திலும் வைக்கவில்லை.
பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுகளை நகர்த்தி
ஆக அடியில் செருகினார்,
பஸ்ஸில் துண்டு போடுகிறவர் போல.
கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஸ்டிக்கரை
சீஸ் நூல்களின் மேல் ஒட்டுகிறேன்.
"பாக்குறவனுக்கு வாயூற வேணாமா?" என்று
தணிகாசலம் கத்தினார்.
விற்பனை குறையவில்லை.
அட்டையைத் திருப்புகிறவர்களும் கூடவில்லை.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது
பீட்சாவில் ஒன்று குறைந்தது.
காலாவதிக்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது.
எங்கே போச்சு என்றார்.
தெரியாது சார் என்றேன்.
பட்டாணியைத் தூக்கிப் பார்க்கும் வேலை
என்னுடையதுதான்,
நான் பார்க்கவில்லை.