மைனஸ் பதினொன்று

அயனாவரம். மூன்றாவது ஷிஃப்ட். ஏழாம் படுக்கை.
உலர் எடைக்கு மேல் இரண்டு கிலோ எண்ணூறு.
"ரெண்டு நாளா என்ன சார் குடிச்சீங்க?"
பெனினாவிடம் தர்பூசணியைச் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம் புழல் ஏரியில்
அளவுகோல் பார்த்து நோட்டில் எழுதியவன்.
இப்போது என் ரத்தத்தின் மட்டத்தை
மெஷின் எழுதுகிறது, சிவப்புக் கோடாக.
பூஜ்யத்தில் தொடங்கி,
முட்டிவலிக்காரர் மாடிப்படி இறங்குவதுபோல்
மைனஸ் மூன்று. நின்று, மைனஸ் ஏழு.

கணுக்காலில் விரல் பதிய நிற்கும் நீர்
குழாய்க்குத் திரும்ப நேரமெடுக்கும்.
வேளச்சேரித் தெருவில் தேங்கியது
கால்வாய் சேர நாலு நாளாகவில்லையா?
பம்புக்கு அந்தப் பொறுமை கிடையாது,
கால்வாயைத்தான் உறிஞ்சும்.

எட்டாம் படுக்கை மெஷின் பழசு. கோடு இல்லை.
அதில் ஹயாத் பாஷா,
ஓவருக்கு ஓவர் ஸ்கோர் சொல்லிவந்தவர்,
கொட்டாவி விட்டார்.
மறுபடி.
மூன்றாவதில் நெற்றி வேர்த்திருந்தது, ஏ.சி. குளிரில்.

"பெனினா!"
ஊசி குத்திய கையை மறந்து எழப் பார்த்தேன்.
அவள் ஓடிவந்து தலைப்பக்கம் தாழ்த்தி
சலைனைத் திறந்தாள்.
கொஞ்ச நேரம் அறையில் யாரும் பேசவில்லை.
பிறகு பாஷா கேட்டார்:
"எத்தனை விக்கெட்?"

திரும்பியவள் என் திரை முன் நின்றாள்.
மைனஸ் பதினொன்று.
உறிஞ்சும் வேகத்தைக் குறைத்தாள்.
"அரை மணி நேரம் கூட ஆகும் சார், பரவாயில்லையா?"

கடைசி பஸ் போய்விடும்.

"தர்பூசணி" என்றேன். "பாதிப் பழம்."