சுழிப்பிழை

எட்டாம் வகுப்பு சி பிரிவு, இருபத்தோரு பேர்,
எர்ணாவூர் மேம்பாலத்தில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்
ஒன்றேகால் மணி நேரம்.
அதற்குள் ஒரு படிவம் கொடுத்தார்கள்:
எதிர்காலத்தில் என்ன ஆக விருப்பம்?
கலெக்டர் என்று எழுதினேன்.
எங்கள் வீட்டில் அதைத்தான் எழுதுவோம்.

காலடிப்பேட்டைப் பம்புப் பட்டறையில்
எனக்கு வந்த ஹெல்மெட் மூக்குவரை இறங்கியது.
லேத்திலிருந்து நீலம் பாய்ந்த இரும்பு
சுருள் சுருளாக விழ,
எண்ணெய் வாடை தாங்காமல் ரிஸ்வான்
வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

பள்ளியிலும் வெர்னியர் அளவி ஒன்று உண்டு.
பீரோவுக்குள்.
மீச்சிற்றளவு பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று சென்டிமீட்டர்,
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
அது இத்தனை சில்லென்று இருக்கும் என
எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

கழற்றி வந்த தண்டு ஒன்றைக் கவ்வினேன்.
வரைபடத்தில் இரண்டு புள்ளி ஐந்து மூன்று.
என் கையிலும் இரண்டு புள்ளி ஐந்து மூன்று.
"கரெக்டா கீது மேடம்."
ஆய்வு மேசையில் கெஜலட்சுமி நிமிரவேயில்லை.
"சும்மா மூடிப் பாத்தியா?"

மூடினேன்.
தாடைகளுக்கு நடுவே ஒன்றுமில்லை.
அப்போதும் மூன்றாவது கோடு
பொருந்தி நின்றது.

நேர்ப்பிழை எனில் கழிக்க வேண்டும்.
இரண்டு மதிப்பெண் வினா.
பரீட்சையில் முழுசாக வாங்கியிருக்கிறேன்.
கழித்தேன்: தண்டு இரண்டரைதான், தேய்ந்திருக்கிறது.
அதை அப்படியே மாட்டினால்
எங்கோ மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாதாம்.
சிவப்புச் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
யாரும் அதை அழிக்கவில்லை.

திரும்பும்போது மறுபடி படிவம், அதே கேள்வி.
'இரும்பு வாடை இல்லாத எதுவும்' என்று எழுதிவிட்டு
ரிஸ்வான் நிம்மதியாகத் தூங்கிப்போனான்.
தேசப்பன்
கிரேனுக்கு ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்றான்.
நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
எதையும் வைக்குமுன்பே
எனக்குள் நின்றிருந்த அந்தக் கலெக்டரில்
எவ்வளவு கழிப்பது?
வெறுமையாகவே கொடுத்தேன்.

ராத்திரி வீட்டு ஜன்னல் கட்டையில்
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
அம்மா துடைக்க வந்தாள்.
இரு இரு என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
அரை மில்லிமீட்டர் இருக்கும்.
சரியாகச் சொல்ல
அளவி வேண்டும்.