பதினோரடித் தண்ணீர்

பாடநூலில் மலை வருகிறது.
அணை, சுரங்கக் குழாய்,
அடிவாரத்தில் சிவப்புக் கூரையோடு ஒரு மின்நிலையம்.
யன்னலுக்கு வெளியே அக்கராயன்.
குளக்கட்டை விட்டால்
ஏறி நின்று பார்க்க வேறொன்றும் இல்லை.

"மலையைப் பார்த்த ஆக்கள் கை உயர்த்துங்கோ."
மூன்று கை.
பிருந்தாபன் பார்த்தது தொலைக்காட்சியிலாம்.

ஆகவே தண்ணீர்த்தாங்கியின் ஏணியைக் கேட்டேன்.
"ஒரு வாளிக்கு மேல வேண்டாம் மிஸ்,
ஆடி மாசம்" என்றார் அதிபர்.

சைக்கிள் டைனமோ,
தகரமூடியைச் சுற்றி எட்டு யோகட் கரண்டி,
கீழே ஒரு பேசின்.
மேசை உயரத்தில் ஊற்ற
கரண்டிகள் தலையை மட்டும் ஆட்டின.
ஏணியின் பாதியில் சில்லு சுற்றியது, முள் அசைந்தது.
உச்சியில், பதினோரடியில் நின்று
வினுசியா குழாய்க்குள் வாளியைச் சரிக்க
பின்விளக்குக் குமிழ்
ஒருதரம் கண் திறந்து மூடிற்று.

பிறகு மெல்லிய குழாய்: அதே உயரம், ஆனால் சோம்பல்.
அச்சில் துரு.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட
முள் இன்னுமொரு கோடு ஏறியது.
உயரம், பாய்ச்சல், வினைத்திறன்.
எழுதத் திரும்பினேன்.

"மிஸ், குமிழைக் கழட்டினால் சில்லு பறக்குது,
பூட்டினால் இழுபடுது.
வெளிச்சம் பாரமோ?"

வெண்கட்டி கையிலேயே நின்றது.
அது அடுத்த அலகு.
"பாரம்தான்" என்றேன்.
வரிசையில் வந்து விரலால் சுற்றிப் பார்த்தார்கள்,
பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் மாதிரி.

கடைசி வாங்கில் துவாரகேஸ்.
இரவு முழுக்க முறைத்தண்ணிக்கு
வாய்க்காலில் நின்றவன், கண் சிவந்திருந்தது.
"துருசில இப்பிடிச் சில்லு வைச்சால்
கரண்ட் எடுத்த தண்ணியில நெல்லு விளையுமோ?
சத்துப் போயிடாதோ?"

வகுப்பு சிரித்தது.
நான் பேசினைக் காட்டினேன். அளந்தான்.
போனது பதினெட்டு லீற்றர்,
வந்தது பதினேழு,
ஒன்று வினுசியாவின் சட்டையில்.
கொஞ்சம் வாயில் விட்டும் பார்த்தான்.
"தண்ணி அப்பிடியே இருக்கு மிஸ்.
உயரத்தை மட்டும் குடுத்திட்டு வந்திருக்கு."

மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.
இன்னொருக்கால் என்றார்கள்.
பதினேழு லீற்றரைத் தூக்கிக்கொண்டு
ஏணியில் ஏறினான் துவாரகேஸ்,
மூன்றாம் படியிலேயே மூச்சு வாங்கியபடி.

உயரம் எங்கிருந்து வருகிறது என்று
நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.