ஓரடி குறைவு

போன அக்டோபரில் முறிந்த ஒன்பதடிக் கோல்
இன்னும் வண்டியின் பின்னால் கிடக்கிறது,
இரண்டு துண்டாக, நூல் மட்டும் அறாமல்.
சூரை நேர்கீழே இறங்கியபோது
நான் கோலை வானத்துக்கு நிமிர்த்தினேன்.
புகைப்படங்களில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

ஹார்க்கர்ஸ் தீவிலிருந்து மோர்ஹெட் கடைவரை
ரெனிக் தன் இடது காதைத் தடவியபடியே வந்தான்.
என் பின்வீச்சில் கொக்கி
இரண்டு முறை இறங்கிய காது அது.
பதினெட்டடிப் படகு, ஆள் இரண்டு, மோட்டார் ஒன்று,
நடுவில் ஒன்பதடிக் கோல்.
"கணக்கை நீயே போட்டுக்கொள், டெல்ஃபியா" என்றான்.

கடைக்கார ஆர்மண்ட் மூன்றைச் சுவரில் சாய்த்தார்.
ஒன்பது. எட்டரை. ஏழடி ஒன்பது அங்குலம்.
நீளமானதையே முதலில் நீட்டினார்:
தூரம் போகும்,
அலைமுகட்டுக்கு மேலே நூலைத் தூக்கிப் பிடிக்கும்.
எல்லாம் உண்மைதான்,
இடுப்பளவு நீரில் மணலில் ஊன்றி நிற்பவனுக்கு.
எனக்குத் தூரம் கடக்க
அறுபது குதிரை கட்டிய மோட்டார் இருக்கிறது.

ஒரு வாளி கேட்டேன்.
வாகன நிறுத்தத்தில் எல்லோரும்
வீசிப் பார்ப்பார்களாம், தூக்கிப் பார்ப்பதில்லையாம்.
அரை வாளித் தண்ணீர், கைப்பிடியில் நூல்முடிச்சு.
ஒன்பதடி அழகாக வளைந்தது,
வில்லென்று வளைந்தது,
வாளி தரையிலேயே இருந்தது.
எட்டரை கொஞ்சம் நகர்த்தியது.
குட்டைக் கோல் முனகிக்கொண்டே தூக்கிவிட்டது,
என் செருப்பெல்லாம் தண்ணீர்.

நெம்புகோலுக்கு இரண்டு பக்கம்.
நீளமான பக்கத்தைப் பிடித்திருப்பவர் ஜெயிக்கிறார்.
இத்தனை வருடம் அதை மீனின் வாயில் கொடுத்துவிட்டு
குட்டைப் பக்கத்தில் நின்று
பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
அளவுகோலைப் பார்த்து வாங்கியவளுக்கு
நெம்புகோல் கண்ணில் படவில்லை.

"பொம்மைக் கோல்" என்றார் ஆர்மண்ட்,
விலையைக் குறைக்காமல்.

மறுநாள் லுக்அவுட் முனை.
கறுப்பும் வெள்ளையுமாய்ச் சாய்சதுரம் தீட்டிய
கலங்கரை விளக்கம் காற்றில் ஆடவில்லை,
மற்றதெல்லாம் ஆடியது.
ஆலாக்கள் ஒரே இடத்தில் கொட்டி விழுந்தன.
அடியில் நெத்திலிகள் உருண்டையாகி,
சூரை முதுகுகள் அதைப் பச்சையாய் வெட்டின.
மோட்டாரை அணைத்தான். நாற்பதடி.
வீசினேன்.
ரெனிக் பழக்கத்தில் குனிந்தான்.
கொக்கி அவன் காதுக்கு ஓரடி தள்ளிப் போனது.

நூல் என் காலடியிலிருந்து சீறி எழுந்து
ரீலில் தீர்ந்துகொண்டே இருந்தது.
பிறகு அது நினைத்ததைச் செய்தது,
நேர்கீழே.
நான் நிமிர்த்தவில்லை.
கோலைத் தாழ்த்தி, இடுப்பிலிருந்து இழுத்து,
ஒரு சாண், இன்னொரு சாண்,
கிணற்றில் இறைப்பதுபோல.
கீழே ஒரு வெளிச்சம் வட்டமடித்தது,
ஒவ்வொரு வட்டமும் முந்தையதைவிடச் சின்னதாக.

அப்போது பின்பக்கமாகத் திரும்பியது.
நான் ஓடினேன், பெட்டியைத் தாண்டி,
விளிம்பில் வயிறு அழுந்த, முழங்கை நனையக்
கோலை நீருக்குள் நீட்டினேன்
மோட்டாரைச் சுற்றிக் கடத்த.
எட்டவில்லை.
ஓரடி.
ரெனிக்கின் காதைக் காப்பாற்றிய அதே ஓரடி.
நூல் விசிறியில் உரசி,
ஒரு சின்னச் சத்தம்,
கை திடீரென்று லேசானது.

எட்டரையை வாங்கியிருக்கலாமோ?
அரை நிமிடம் அப்படியே கிடந்தேன்.
நீருக்குள் கோல்முனை
எதையோ எழுத முயல்வதுபோல் நடுங்கியது.

ஆலாக்கள் வடக்கே நகர்ந்திருந்தன.
புதுக் கொக்கியை முடிச்சிட்டு, எச்சிலால் இறுக்கினேன்.
அங்கே போய்ச் சேர்ந்ததும்
ரெனிக் ஒன்றும் சொல்லாமல் விசையை அழுத்தி
மோட்டாரை நீருக்கு மேலே தூக்கி வைத்தான்.
விசிறி சொட்டிக்கொண்டிருந்தது.