நாலு கிலோ தவில்

வாட்ஸப்பில் வந்தது ஒரே ஒரு படம்.
மீசையும் தவிலுமாக ஒருவர்,
பின்னால் ஏதோ ஃப்ளெக்ஸ்.
எழுத்து விளங்கவில்லை,
தெலுங்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.
"இதே மாதிரிக்கா. அப்பாவுக்கு அறுபது.
ஆதார்ல ஜூன் ஒண்ணு, வாத்தியார் போட்ட தேதி.
நாங்க சொன்னாத்தான் அவருக்கே தெரியும்."

செல்லூரில் எங்கள் வீட்டில் ஏசி ஒன்றுதான்.
மூன்று இரவு அது கேக்குக்கு.
வீட்டுக்காரரும் பையனும் மொட்டைமாடியில்
தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தார்கள்.

கீபோர்டு செய்திருக்கிறேன், கிடார் ஏழெட்டு.
அதெல்லாம் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும்.
தவிலுக்கு வயிறு இருக்கிறது.

வட்டவட்டமாகப் பதினொரு ஸ்பாஞ்ச்,
நடுவில் பெரிசு, ஓரம் போகப்போகச் சிறிசு,
காசு அடுக்குகிற மாதிரி அடுக்கி
ஊடே இரண்டு கம்பு செருகிச் சாய்த்தால்
இரவு ஒரு மணிக்கு
மெல்ல உட்கார்ந்துவிட்டது,
பூசணிக்காய்.
உதிர்த்து உருட்டித் தெருப் பையன்களுக்குக் கொடுத்தேன்.
வெண்ணெயைக் கூட்டி, இறுக்கமாக,
மறுபடி முதலிலிருந்து.

கொக்கோவும் மஞ்சளும் கலந்து கலந்து
பலாக்கட்டை நிறம் பிடிபட்டபோது
பால்காரர் மணி அடித்தார்.
வார் இழுப்பதுதான் பெரும்பாடு.
ஃபாண்டன்ட் வேர்க்கும்.
மதுரையில் எதுதான் வேர்க்காது?
இழுத்த வார் தொய்யும்,
தொய்ந்ததை நறுக்கி இழுத்தால் அதுவும்.
யூடியூபில் நையாண்டி மேளம் ஓடவிட்டு
நிறுத்தி நிறுத்தி எண்ணப் பார்த்தேன்.
நிறுத்தினாலும் அந்த ஆள் ஆடிக்கொண்டேதான் இருந்தார்.

விரல்கூடு ஐந்து.
துணியும் மாவுப்பசையுமாய்ச் செய்வார்களாம்.
என்னுடையது சர்க்கரைப்பசை,
பெரிய வித்தியாசமில்லை.
யாரும் பார்க்காதபோது மாட்டிக்கொண்டு
அடுப்பு மேடையில் ஒரு தட்டு தட்டினேன்.
கட்டைவிரல் இரண்டாய்ப் போனது.
ஒட்டினேன்.

ஜெய்லானி ஆட்டோவில் மடியில் தவில்.
ஏவி பாலத்தின் ஒவ்வொரு பள்ளத்தையும்
அவர் பெயர் சொல்லித் திட்டி ஒதுக்கினார்.
கீழவாசலில் டிராஃபிக்.
என் துப்பட்டா விசிறியாகி
வில்லாபுரம் வரை வீசியது.

மேசைமேல் இறக்கினேன்.
வேல்மயில் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பக்கத்தில் நின்ற நாயனக்காரர்தான் வாயைத் திறந்தார்:
"என்னம்மா, இடங்கைக்காரன் தவிலா இருக்கு?"

கம்பு வலது பக்கம்.
கூடு இடது பக்கம்.
போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன்.
தெலுங்கு இல்லை.
திருப்பிப் போட்ட தமிழ், "காதணி விழா".
பையன் தலையைச் சொறிந்தான்,
"செல்ஃபி எடுத்து அனுப்புனேன்க்கா."

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
மெழுகுவத்தியைக்கூடக் கொளுத்தியாகிவிட்டது.
மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்தது.
அவர் அதை ஒரு சாண் இழுத்தார்,
வேட்டியை மடித்துக் கட்டினார்,
வயிற்றை எக்கி இடுக்கில் நுழைந்து
அந்தப் பக்கம் போய் எங்களைப் பார்த்து நின்றார்.
கம்பு இடக்கைக்கு வந்தது,
கூடு வலக்கைக்கு.
பெயர் மட்டும் அவருக்குத் தலைகீழ்.

"எந்தப் பக்கம் வெட்ட?"
"தொப்பிப் பக்கம் வேணாம்,"
என்றார் அவர் மனைவி பஞ்சவர்ணம்,
"ஊரெல்லாம் அடி வாங்குனது, பாவம்."

வலந்தலையில் கத்தி இறங்கியது, சத்தமே இல்லை.
முதல் துண்டு நாயனத்துக்கு.
தனக்கென்று அவர் எடுத்தது
அந்தக் கட்டைவிரல் கூட்டை.
டியூப்லைட்டில் தூக்கிப் பிடித்து
ஒட்டின கோட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வாயில் போட்டுக்கொண்டார்.

ராத்திரி ஜீபேயில் மீதி எண்ணூறு.
கூடவே ஒரு செல்ஃபி.
அதில் கம்பு மறுபடி
வலது பக்கம்.